முப்பதுக்கு முப்பது

சனிக்கிழமை மத்தியானம், ஆராய்ச்சிக்கூடத்தின் தொட்டியருகே நின்று அவள் ஒரு தொப்பியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெயிலுக்குப் போடுகிற தொப்பி இல்லை. அறுபத்து நான்கு சின்ன வில்லைகள் தைத்த ஒன்று. அதைத் தலையில் மாட்டி ஒவ்வொரு வில்லைக்குள்ளும் பசையை நிரப்பினால், மூளையின் மின்சாரம் கணினித் திரையில் கோடு கோடாக ஓடும். அது ஓடுவது மட்டும்தான் செய்தித்தாளில் வரும். பிறகு அந்தப் பசை காய்ந்து கட்டிக்கொள்ளும் என்பதும், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு வில்லையாகத் தேய்த்து எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பதும் வராது. முனைவர் பட்டம் வாங்கி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அந்த ஆள் அவள்தான்.

வீட்டில் அவளுக்கு ‘டாக்டரம்மா’ என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை. தலைவலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டால் தெரியாது என்று சொல்கிற டாக்டர் உலகத்திலேயே இவள் ஒருத்திதான் என்று அண்ணன் கேலி செய்ய ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. முதியவர்களின் நினைவாற்றல்தான் அவள் ஆராய்ச்சி. வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாசம் இருக்கிறது. அதற்குள் ஒரு கட்டுரை வெளிவந்தாக வேண்டும். அந்தக் கட்டுரையோ நாலாவது தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது. மதிப்பீடு செய்தவர் யாரோ, முகம் தெரியாத புண்ணியவான், ‘பழக்க விளைவைக் கணக்கில் எடுத்தீர்களா?’ என்று கேட்டிருந்தார். ஒரே சோதனையை ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வைத்தால் மார்க் ஏறும், ஏறியது நினைவாற்றலா வெறும் பழக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் சாரம். எடுத்தோம் ஐயா, எடுத்தோம் என்பதை இரண்டு பக்கத்துக்குப் பணிவாக எழுதுவதிலேயே அந்த வாரம் முழுவதும் போயிருந்தது.

அப்போதுதான் அண்ணனிடமிருந்து போன் வந்தது. கையெல்லாம் நுரை. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

“முப்பதுக்கு முப்பது!” என்று அண்ணன் கத்தினான். “கேட்டியா? டாக்டர் எழுந்து நின்னு அப்பாவுக்குக் கை குடுத்தாராம்.”

விஷயம் இதுதான். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. எழுபது தாண்டியவர்கள் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் கண்ணுக்கும் நினைவுக்கும் சோதனை வைத்து ஒரு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவின் உரிமம் காலாவதியாகி மூன்று வாரம் ஆகிறது. அந்த மூன்று வாரமும் அண்ணனுக்கு நரகம். அண்ணி நர்ஸ், காலை ஆறு மணிக்கே ஷிஃப்டுக்குப் போய்விடுவாள். அவர்களுடைய மகளை, எல்லோரும் ‘குட்டி’ என்று கூப்பிடுகிற அந்த ஏழு வயசுப் பெண்ணை, தினமும் காரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தவர் அப்பாதான். இப்போது அண்ணன் அவளைப் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேலைக்குத் தினமும் தாமதமாகப் போய் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

“திங்கக்கிழமை காலையில டாக்டர் சான்றிதழை அனுப்பிடுவாராம். அன்னைக்கே ஆன்லைன்ல புதுப்பிச்சிடுவாங்க. செவ்வாய்க்கிழமையிலேருந்து அப்பா வண்டியை எடுத்துடுவார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருக்கு.”

“என்ன சோதனை வச்சார் அண்ணா?”

“ஏதோ ஒரு தாளாம். அஞ்சு வார்த்தை சொல்லுவாங்களாம், அப்புறம் ஞாபகம் வச்சு சொல்லணுமாம். கடிகாரம் வரையச் சொன்னாராம். நம்ம அப்பா, அவர் கேள்வியைக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதிலைச் சொன்னாராம்!”

அவள் கையிலிருந்த பிரஷ் தொட்டிக்குள் விழுந்தது. ஏணி, பித்தளை, வாத்து, தபால், ஊதா. வரைய வேண்டிய கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். அந்தத் தாள் அவளுக்கு அத்துப்படி. அப்பாவுக்கும் அத்துப்படி, அவளால்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், படிப்பில் சேர்ந்த முதல் வருஷத்தில், அந்தச் சோதனையை வைக்க அவள் பழக வேண்டியிருந்தது. வார்த்தைக்கு ஒரு விநாடி. குரலில் ஏற்ற இறக்கம் கூடாது. தலையாட்டக் கூடாது, ‘சபாஷ்’ சொல்லக் கூடாது. நூறு பேருக்காவது வைத்துக் கை பழகிய பிறகுதான் நோயாளிகள் பக்கமே விடுவார்கள். நூறு பேருக்கு எங்கே போவது? அப்பா இருந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சாப்பாட்டு மேஜையில் எதிரே வந்து உட்கார்ந்து, “ம், ஆரம்பி” என்பார். எல்லாக் கேள்விக்கும் சரியாகவே பதில் சொன்னால் இவள் மார்க் போடப் பழக முடியாது என்பதைத் தானே கண்டுபிடித்துவிட்டு, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மறதிக்காரராக நடித்தார். வருஷத்தைத் தப்பாகச் சொல்வார். கடிகாரத்துக்குப் பதின்மூன்று எண் போடுவார். அவளைப் பார்த்து, “நீ யாரும்மா, பக்கத்து வீடா?” என்பார். அப்போது உயிரோடிருந்த அம்மாவுக்கு இது பிடிக்கவே பிடிக்காது, “இதெல்லாம் ஒரு விளையாட்டா?” என்று அடுப்படியிலிருந்து திட்டுவாள். பிற்பாடு அவளுக்குக் கீழே மாணவர்கள் வந்தபோது அவர்களுக்கும் பழக ஆள் தேவைப்பட்டது. அதற்கும் அப்பாதான் வந்தார். வருஷா வருஷம், சலவை மடிப்பு கலையாத சட்டையோடு, ஒரே நாளில் ஆறு மாணவர்களுக்கு ஆறு தடவை.

அந்தத் தாளில் அப்பா முப்பது வாங்காமல் இருந்தால்தான் அதிசயம்.

“அண்ணா, அந்த மார்க் செல்லாது” என்றாள்.

“ஏன்?”

அவள் விளக்கினாள். இரண்டு பக்கத்துக்கு எழுதியதையே கொஞ்சம் சுருக்கிச் சொன்னாள். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

“அப்படின்னா என்ன, நூறு தடவை எழுதினதை ஞாபகம் வச்சிருக்கார்னுதானே அர்த்தம்? ஞாபகம் நல்லா இருக்குன்னுதானே ஆகுது?”

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குத்தான் அவள் துறையே இருக்கிறது. ஆனால் அதை ஒரு களைத்த மனிதனுக்கு போனில் புரியவைக்க இன்னொரு களைத்த மனுஷியால் முடிவதில்லை.

“போன மாசம் ஞாயித்துக்கிழமை குட்டியை யூனிஃபார்ம் போடச் சொல்லி வாசல்ல ஹாரன் அடிச்சாரே?”

“அதுக்கு எல்லாரும்தானே சிரிச்சோம்! நீயும்தான் சிரிச்சே.”

உண்மைதான், சிரித்தாள். அதற்கப்புறம் ஒருநாள் அவளை பஸ் நிலையத்தில் விடப் போனபோது, அப்பா அந்த ரவுண்டானாவை இரண்டு முறை சுற்றினார். மூன்றாவது முறை சுற்றும்போது, “ஊரைச் சுத்திக் காட்டறேன்” என்றார். அதற்கும் சிரித்தாள். முப்பத்தொரு வருஷம் அதே ரவுண்டானாவில் பஸ் ஓட்டியவர் அவர்.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றான் அண்ணன். கோபமில்லை, சலிப்புதான். “காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் மறதிக்காரங்களையே பாக்கறே. உனக்கு யாரைப் பாத்தாலும் அப்படித்தான் தெரியும். அவர் நல்லா இருக்கார். தயவுசெஞ்சு இதுல மூக்கை நுழைக்காதே.”

அவன் வைத்துவிட்டான். அவள் தொப்பியைக் கழுவி முடித்தாள். பாதியில் விட்டால் பசை இறுகிப் போகும்.

அலமாரியில் அதே சோதனையின் மாற்றுத் தாள்கள் இருந்தன. வார்த்தைகள் வேறு, மணி வேறு, எண்கள் வேறு, கடினம் மட்டும் அதே அளவு. மாற்றுத் தாள் எதற்கு இருக்கிறது என்று மாணவர்களுக்கு வருஷா வருஷம் பாடம் எடுப்பவள் அவள். சொந்த அப்பாவிடம் ஒரே தாளைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டை போட்டவளும் அவளேதான். வீட்டு மனிதர்களைச் சோதிக்கக் கூடாது என்பது அந்த இடத்தின் விதி. அவள் மாற்றுத் தாள் ஒன்றை உருவிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அவள் பயந்தது அப்பாவுக்காக மட்டும் இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தக் காரின் பின் சீட்டில் ஒரு குழந்தை உட்காரப் போகிறது.

அப்பா அண்ணன் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளித் தனியாக இருந்தார். கதவைத் திறந்ததும் முகமெல்லாம் பல்.

“டாக்டரம்மா! அண்ணன் சொன்னானா? முப்பது!”

“சொன்னான் அப்பா.”

“அந்த டாக்டர் அசந்து போயிட்டார். இந்த வயசுல இப்படி ஒருத்தரைப் பாத்ததே இல்லையாம்.”

அவர் தேநீர் போட்டார். சர்க்கரையைப் போட்டுக் கலக்கினார். பிறகு மறுபடியும் சர்க்கரை டப்பாவைத் திறந்து, அவள் கோப்பையைப் பார்த்துவிட்டு, மூடி வைத்தார். போட்டோமா இல்லையா என்று கேட்கவில்லை. தன் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். இப்படியெல்லாம் சமாளிக்க எப்போது கற்றுக்கொண்டார் என்று அவள் நினைத்தாள்.

“அப்பா, ஒரு பதினைஞ்சு நிமிஷம் உக்காருவீங்களா? ஒரு தாள் இருக்கு.”

“மாணவர்களுக்கா?”

“இல்ல. எனக்கு.”

“ம், ஆரம்பி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் அந்த ஏற்ற இறக்கமில்லாத குரலை வரவழைத்துக்கொண்டாள். “இப்ப அஞ்சு வார்த்தை சொல்லுவேன். கவனமா கேளுங்க. கதவு. மிளகு. பாலம். முயல். சாம்பல்.”

அப்பா முதல் தடவை மூன்று வார்த்தையைத் திருப்பிச் சொன்னார். இரண்டாம் தடவை நாலு. அது பரவாயில்லை, பலரும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் கொஞ்சம் மூச்சு விட்டாள்.

“ஒரு கடிகாரம் வரைங்க. எட்டு இருபதைக் காட்டணும்.”

வட்டம் என்றால் அப்படி ஒரு வட்டம். வாழ்நாளெல்லாம் ஸ்டீயரிங் பிடித்த கை அது. பன்னிரண்டு எண்களும் இடம் தவறாமல் உட்கார்ந்தன. பிறகு முட்களைப் போட்டார், மூன்றே முக்கால். பென்சிலை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார், சரிதானே என்பது போல. தலையாட்டக் கூடாது. அவள் ஆட்டவில்லை.

“தொண்ணூறிலேருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க.”

“தொண்ணூத்து மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு” என்று வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொன்னார். எல்லாம் நூறிலிருந்து கழித்த விடைகள். அவள் எழுதிக்கொண்டே போனாள். எழுதுகிறவரைக்கும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை என்பது மட்டும் ஆறுதலாக இருந்தது.

கடைசிக் கேள்வி வந்தது. “ஆரம்பத்துல அஞ்சு வார்த்தை சொன்னேன். ஞாபகம் இருக்கிறதையெல்லாம் சொல்லுங்க.”

அப்பா சாய்ந்து உட்கார்ந்தார். இதற்காகத்தான் காத்திருந்தது போல ஒரு புன்னகை. “ஏணி, பித்தளை, வாத்து, தபால், ஊதா.”

“அது பழசு அப்பா. இப்ப சொன்னது?”

“இப்ப எப்ப சொன்னே?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினாலு வருஷப் பழக்கம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதே மேஜையில், இதே முகத்தோடு, இதே மாதிரி! இதை எப்படி மறந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மனசு லேசானது.

“அப்பா, நடிக்காதீங்க.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். “கண்டுபிடிச்சிட்டியே! சும்மாதான் நடிச்சேன்.”

“நினைச்சேன். சரி, இப்ப நிஜமா சொல்லுங்க.”

அப்பா கூரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த சர்க்கரை டப்பாவையும், தேநீர்க் கோப்பையையும், தாளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். விரல்கள் மேஜை விளிம்பைத் தடவின.

“கடிகாரம்” என்றார், தான் வரைந்ததைப் பார்த்து. பிறகு, அவள் முகத்தைப் பார்த்து, “அது இல்லையா?”

அவள் பேனாவை மூடினாள். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கல்லாகக் கனத்தது. அப்படியே மேஜைமேல் தலையைக் கவிழ்த்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது. எத்தனையோ நோயாளிகளின் வீட்டு மனிதர்கள் எதிர் நாற்காலியில் இப்படி உட்கார்ந்து போயிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அவள் ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்து, படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறாள்.

“அப்பா, வண்டி ஓட்ட வேணாம்ப்பா.”

“முப்பத்தொரு வருஷம். ஒரு கீறல் கிடையாது.”

“தெரியும்.”

“கை தானா போகுதும்மா. கியரு, பிரேக்கு, எல்லாம் கை பாத்துக்கும். எங்க திரும்பணும்கிறதுதான்...” நிறுத்தினார். தாளைத் தன் பக்கம் இழுத்து, முட்கள் தப்பாக நின்ற அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதைக் குட்டி சொல்லிடும். பின்னாடி உக்காந்துக்கிட்டு, ‘தாத்தா, லெஃப்ட்டு, தாத்தா, ரைட்டு’ன்னு. அதுக்கு அது ஒரு விளையாட்டு. போன வருஷத்திலேருந்து அப்படித்தான்.”

போன வருஷத்திலிருந்து. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கத்தியிருப்பாள். குழந்தையை வைத்துக்கொண்டு இப்படியா என்று கேட்டிருப்பாள். ஆனால் அவர் முகத்தில், கேட்பதற்கு முன்பே, அந்தக் கேள்வி இருந்தது.

“எனக்குத் தெரியும்” என்றார் அப்பா மெதுவாக. “ஓட்டக் கூடாதுன்னு தெரியும். அந்த டாக்டர் கண்டுபிடிச்சிடுவார்னு நினைச்சுத்தான் போனேன். அவர் எடுத்தது உன் தாளு. வாயைத் திறந்தா எல்லாம் தானா வருது. நிறுத்த முடியலை. அப்புறம் கை குடுத்தார். சந்தோஷமாத்தான் இருந்துச்சு.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே யாரோ குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். தேநீர் ஆறிப் போயிருந்தது.

“டாக்டருக்கு போன் பண்ணணும்ப்பா. சான்றிதழ் அனுப்பறதுக்கு முன்னாடி.”

“பண்ணு. ஆனா ஒண்ணு. மறந்து போச்சுன்னு சொல்லாதே. காப்பி அடிச்சேன்னு சொல்லு. கேள்வித்தாளு முன்னாடியே தெரியும், காப்பி அடிச்சு மார்க் வாங்கிட்டார்னு சொல்லு. உன் அண்ணன்கிட்டயும் அப்படியே சொல்லு.”

“அப்பா...”

“அது அசிங்கம்தான். ஆனா அது நான் செஞ்சது. இது நான் செஞ்சதில்ல.”

நோயாளியின் தன்மானம் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்களில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அதில் இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதவில்லை.

டாக்டர் சனிக்கிழமை ஆறு மணிவரை இருப்பார். அவள் போன் போட்டாள். சொல்ல வேண்டியதெல்லாம் தயாராக இருந்தது: பழக்க விளைவு, மாற்றுத் தாள், முப்பதுக்குப் பதினாறு. எதிரே அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர், எங்கப்பாவுக்கு அந்தக் கேள்வித்தாள் முன்னாடியே தெரியும். நான்தான் சொல்லிக்குடுத்தேன்” என்றாள். “பதினாலு வருஷமா.” பிறகு, அவர் கேட்டதற்கு, “ஆமா, வேற தாள் வச்சுப் பாத்துட்டேன். திங்கக்கிழமை அவரை நானே கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் எதையும் அனுப்பாதீங்க” என்றாள்.

“திட்டினாரா?” என்று அப்பா கேட்டார்.

“திட்டலை. நேர்ல வரச் சொன்னார்.”

“சரி. இப்ப உன் அண்ணன். அவனுக்கு நானே சொல்றேன்.”

அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். “டேய், நான்தான். அந்த முப்பது மார்க் இருக்கே, அது காப்பிடா. ஆமா, காப்பி அடிச்சேன். தங்கச்சிகிட்டேருந்து எல்லா பதிலும் எனக்கு முன்னாடியே தெரியும். ஒருத்தரும் கண்டுபிடிக்கலை பாத்தியா?” என்று சிரித்தார். “அதனால செல்லாது. வண்டியை இனி எடுக்க மாட்டேன். அவ்வளவுதான் விஷயம்.”

அண்ணன் ஆறாம் வகுப்பில் பரீட்சையில் காப்பி அடித்து மாட்டிக்கொண்டபோது, அவனோடு ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசாத மனுஷன் இவர். அம்மா கெஞ்சியும் பேசவில்லை.

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார். “உன்கிட்ட குடுக்கச் சொல்றான்.” பிறகு ஆறிப்போன தேநீரைச் சூடு பண்ண அடுப்படிக்குப் போனார்.

“அவரா இதைச் சொல்றார்?” என்றான் அண்ணன். “காப்பி அடிச்சேன்னு, அவர் வாயால?”

“ஆமா.”

அவன் அழுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. மத்தியானம் அவள் சொன்ன எந்த விளக்கமும் அவனுக்கு எட்டவில்லை. இது எட்டிவிட்டது.

“ரொம்ப மோசமா இருக்காரா?”

“மோசம்தான் அண்ணா.”

அடுப்படியில் அப்பா எந்தக் குமிழைத் திருப்புவது என்று தெரியாமல் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.